ஹிசென் ஹாப்ரே வழக்கும் ஆவணப் பணியின் பொறுப்பும்

அடக்குமுறை ஆட்சியின் தலைவர் தம் நாட்டின் எல்லையைக் கடந்துவிட்டால் நீதியின் கைக்கு எட்டமாட்டார் என்ற நிலையை மாற்றிய வழக்குகளில், சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்ட ஹிசென் ஹாப்ரே மீதான வழக்குக்குத் தனியிடம் உண்டு. ஆப்பிரிக்க ஒன்றியமும் செனகல் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி டாக்கார் நகரில் அமைந்த சிறப்பு நீதிமன்றம், மானுடத்துக்கு எதிரான குற்றங்கள், போர்க்குற்றங்கள், சித்திரவதை ஆகியவற்றுக்காக 2016 மே 30 அன்று அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. கொடுங்குற்றம் எந்த நாட்டில் நடந்திருந்தாலும், குற்றவாளி எந்த நாட்டவராக இருந்தாலும், அதை வேறொரு நாட்டின் நீதிமன்றமும் விசாரிக்கலாம் என்பது ‘உலகளாவிய அதிகார வரம்பு’ எனப்படும் கொள்கை. அது ஆப்பிரிக்க மண்ணில் முதன்முதலாக முழு விசாரணையாக நடந்தேறியது இவ்வழக்கில்தான். ஆயினும் மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்தும் துறையினர் கருத்தில் கொள்ள வேண்டியது அந்த வெற்றியை மட்டுமன்று. விசாரணை தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே செய்யப்பட்டவையும் செய்யாமல் விடப்பட்டவையும் தீர்ப்பின் எல்லையை வகுத்துவிட்டன என்பதையே முதன்மையாகக் கருத வேண்டும்.

ஹாப்ரே 1990 டிசம்பரில் செனகலில் தஞ்சம் புகுந்தார். பாதிக்கப்பட்டோர் 2000-இல் அங்கே தொடுத்த வழக்கு, சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றிருந்த செனகல் அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டத்தை இயற்றாதிருந்ததால், அதிகார வரம்பு இல்லையென்று 2001-இல் முடித்துவைக்கப்பட்டது. சித்திரவதைக் குற்றம் சாட்டப்பட்டவர் தங்கியிருக்கும் நாடு அவர்மீது வழக்கு நடத்த வேண்டும், இல்லையேல் அவரை ஒப்படைக்க வேண்டும் என்று அவ்வுடன்படிக்கை விதிக்கிறது. பெல்ஜியம் தொடுத்த வழக்கில் அனைத்துலக நீதிமன்றம் 2012 ஜூலை 20 அன்று இக்கடமையை வலியுறுத்திய பின்னரே சிறப்பு நீதிமன்றம் உருவானது.

இடைப்பட்ட இருபதாண்டுக்கு மேற்பட்ட காலம் வழக்கு சாகாமல் இருந்ததற்குப் பாதிக்கப்பட்டோரின் விடாமுயற்சியும் ஆவணங்களுமே காரணம். சிறையிலிருந்து மீண்ட சுலைமான் கெங்கெங் தம் தோழர்களோடு சேர்ந்து 792 வாக்குமூலங்களைத் திரட்டினார். ஹாப்ரேக்கு நேரடியாகக் கட்டுப்பட்டிருந்த அரசியல் காவல் அமைப்பின் கைவிடப்பட்ட தலைமையகத்தில் 2001-இல் கண்டெடுக்கப்பட்ட தாள்களைப் பகுத்தாய்ந்தபோது, பாதிக்கப்பட்ட 12,321 பேரின் பெயர்களும், 898 கைதிகளின் நிலைகுறித்து அவ்வமைப்பு ஹாப்ரேக்கே அனுப்பிய 1,265 தகவல்களும் வெளிப்பட்டன. தமக்குக் கீழுள்ளோரின் குற்றங்களை அறிந்தும் தடுக்காத தலைவரைக் குற்றவாளியாக்கும் ‘மேலாண்மைப் பொறுப்பு’ என்னும் கோட்பாட்டில், அவர் அறிந்திருந்தார் என்பதை மெய்ப்பிப்பதே மிகக் கடினம். உயிர் பிழைத்தவர் தாம் பட்டதைச் சொல்ல இயலும். ஆட்சித் தலைவரின் மேசைக்கு எது சென்றது என்பதை ஆவணமே சொல்லும்.

அதே வழக்கு காலம் தாழ்ந்த பதிவின் விலையையும் காட்டியது. பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமைகள் தொடக்கக் குற்றச்சாட்டில் இடம்பெறாமல், விசாரணையின்போது பெண்கள் துணிந்து அளித்த சாட்சியத்தால் மன்றத்தின் முன் வந்தன. ஹாப்ரே நேரடியாகச் செய்ததாகக் கீழமை அமர்வு கண்ட வன்புணர்வுக் குற்றத்திலிருந்து, அந்நிகழ்வு குற்றச்சாட்டில் உரிய காலத்தில் சேர்க்கப்படவில்லை என்ற காரணத்தால், 2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு அமர்வு அவரை விடுவித்தது. அந்நிகழ்வைப் பற்றிச் சாட்சி சொன்ன பெண்ணை மன்றம் ஐயுறவில்லை. வழக்கைக் கட்டியவர்கள் உரிய நேரத்தில் கேட்காததன் சுமையை அப்பெண் சுமக்க நேர்ந்தது.

இழப்பீடும் கைக்கு எட்டவில்லை. 7,396 பேருக்கு 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்குக்கு மேல் வழங்க ஆணையிடப்பட்டும், ஹாப்ரே 2021 ஆகஸ்டில் இறந்தபோது அவ்வாணையின்படி ஒருவருக்கும் பணம் கிடைத்திருக்கவில்லை. ஆகவே முதல் வாக்குமூலத்திலேயே பாலியல் வன்கொடுமை குறித்துப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு பரிவோடு கேட்பதும், ஒவ்வொரு தாளும் எங்கே யாரால் எடுக்கப்பட்டது என்று குறித்துவைப்பதும், குற்றம் சாட்டப்பட்டவரின் சொத்துகளைத் தொடக்கத்திலேயே தேடி முடக்கக் கோருவதும் இத்துறையினரின் கட்டாயக் கடமைகளாக வேண்டும். ஆட்சி இன்னும் வலுவோடிருக்கும் நாடுகளில், நீதிமன்றம் எப்போது அமையுமென்று தெரியாத இன்றைய நிலையிலேயே, இப்பணி தொடங்கப்பட வேண்டும்.