செல்ஃப் முக்கினா முதல்ல மீட்டர் வைங்க, அப்புறம் பேட்டரி வாங்குங்க

நம்ம கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம். மொத்தம் 61 நாள். முன்னாடி இது 45 நாளா இருந்தது. இந்த ரெண்டு மாசமும் தேங்காய்த்திட்டு துறைமுகத்துல விசைப்படகுங்க கட்டியே கிடக்கும். பெயிண்ட் அடிப்பாங்க, பலகை மாத்துவாங்க, வலை சரி பண்ணுவாங்க. எல்லாம் ஆன பிறகு கிளம்புற அன்னிக்கு சாவியைத் திருகினா, செல்ஃப் சுத்தாம முக்கும். பக்கத்துல நிக்கிறவங்க எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்வாங்க: "பேட்டரி போச்சு, மாத்திடு."

இதை நான் ஒத்துக்க மாட்டேன். பேட்டரிக்குக் காசு எடுக்கறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பார்க்கணும். அதே மாதிரி, முக்குற செல்ஃபோட எந்தப் படகும் கரையை விட்டுப் போகக்கூடாது.

ஏர் ஓட்டுறவனுக்கு படகு எஞ்சின்ல என்ன வேலைன்னு கேக்கலாம். எங்க பாகூர் கொம்யூன்ல ஒரு பக்கம் நெல்லு, இன்னொரு பக்கம் பனித்திட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம்னு கடல். மணல்ல படகை இழுக்கறதுக்கு டிராக்டர்தான் போகுது. டிராக்டர்ல இருக்கறதும் டீசல் எஞ்சின், விசைப்படகுல இருக்கறதும் டீசல் எஞ்சின். கயிறு சுத்தி இழுக்கற, ஹேண்டில் போட்டுச் சுத்தற சின்ன ஃபைபர் படகுக்கு இந்தத் தொல்லை இல்லை. செல்ஃப் வச்ச எஞ்சின் எல்லாத்துக்கும் உண்டு.

டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. பிஸ்டன் மேல வரும்போது காத்தை பதினாறு, பதினெட்டு மடங்கு அழுத்தும். அந்த அழுத்தத்துல காத்து சூடாகி, அந்தச் சூட்டுலதான் டீசல் பத்திக்கும். மெதுவா சுத்தினா அந்தச் சூடு சிலிண்டர் சுவர்ல ஓடிப் போயிடும், அழுத்தமும் ரிங் இடுக்குல கசியும். அதனாலதான் எஞ்சின் சுத்துது, வெள்ளைப் புகை விடுது, ஆனா பிடிக்க மாட்டேங்குது.

"லைட் பளிச்சுன்னு எரியுதே, அப்புறம் செல்ஃபுக்கு என்ன கேடு?"ன்னு கேப்பாங்க. ரெண்டு ஹெட்லைட்டும் சேர்ந்து பத்து ஆம்பியர் எடுக்கும். செல்ஃப் 200, 300 ஆம்பியர் கேக்கும். ஒரு கிளாம்புல துரு ஏறி, ஒரு ஓம்ல நூத்துல ஒரு பங்கு தடை வந்துட்டதுன்னு வச்சுக்குங்க. லைட்டுக்குப் போற கரண்ட்டுல அது 0.1 வோல்ட்தான் தின்னும், கண்ணுக்கே தெரியாது. 200 ஆம்பியர் போகும்போது அதே துரு 2 வோல்ட்டைத் தின்னுடும். 12 வோல்ட்டுல 2 போனா செல்ஃப் முக்காம என்ன செய்யும்?

அப்படின்னா புது பேட்டரி போட்டதும் சரியாகுதே, எப்படி? புது பேட்டரி மாட்டறவர் என்ன செய்யறார்னு கவனிங்க. பழைய கிளாம்பைக் கழட்டறார், சுரண்டறார், இறுக்கி மாட்டறார். பாதி வியாதி அங்கேயே குணமாயிடுது. பேர் மட்டும் பேட்டரிக்குப் போகுது. பெரிய பேட்டரி ஒண்ணு பத்தாயிரத்தைத் தாண்டும். மீட்டர் சில நூறு ரூபாய். எர்த் கேபிள் கெட்டுப் போயிருந்தா, புது பேட்டரியும் நாலு மாசத்துல அதே முக்கலுக்கு வந்துடும்.

பார்க்கற முறை கஷ்டமில்லை. ராத்திரி முழுக்க சும்மா இருந்த பேட்டரியில மீட்டர் வைங்க. 12.6 வோல்ட் காட்டினா முழு சார்ஜ். 12.2 காட்டினா பாதிதான் இருக்கு, சார்ஜ் ஏத்திட்டு அப்புறம் பேசுங்க. 24 வோல்ட் படகா இருந்தா ரெண்டு பேட்டரியையும் தனித்தனியா பாருங்க. அடுத்து, எஞ்சின் பிடிக்காத மாதிரி ஸ்டாப் போட்டுட்டு ஒருத்தர் செல்ஃப் அடிக்கட்டும். அந்த நேரம் பேட்டரி 9.6-க்குக் கீழ போனா பேட்டரி மேல சந்தேகப்படலாம். போகலைன்னா கேபிளைப் பாருங்க. மீட்டரோட ஒரு முனையை பேட்டரியோட நெகட்டிவ் குமிழ் மேலயே வைங்க, கிளாம்பு மேல வைக்காதீங்க. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்குல. செல்ஃப் அடிக்கும்போது 0.3 வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்ல கோளாறு. பாசிட்டிவ் குமிழ்லேருந்து செல்ஃப் போல்ட்டு வரைக்கும் இதே மாதிரி பாருங்க, 0.5-க்குள்ள இருக்கணும். ஒரு தடவைக்கு பத்து செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, செல்ஃப் சூடாயிடும்.

போன மழைக்கு அப்புறம் என் டிராக்டர்ல எர்த் பக்கம் 1.8 வோல்ட் காட்டுச்சு. எர்த் பட்டையை மாத்தினதோட சரி. பழைய பேட்டரிதான் இன்னிக்கும் ஓடுது.

கடல்ல இது இன்னும் மோசம். உப்புத் தண்ணி கேபிள் ரப்பருக்குள்ள ஏறி செம்பு இழையைப் பச்சையாக்கிடும். வெளியில பார்த்தா கேபிள் புதுசு மாதிரி இருக்கும். வெள்ளீயம் பூசின செம்புக் கேபிள் இதுக்குத் தாங்கும். விலை கூட, ஆனா கணக்குப் பார்த்தா லாபம். சுத்தம் பண்ணும்போது நெகட்டிவை முதல்ல கழட்டுங்க, கடைசியா மாட்டுங்க. ஆப்ப சோடாவை வெந்நீர்ல கரைச்சுக் கழுவி, காய்ஞ்சதும் இறுக்கி, மேல வாசலின் தடவுங்க.

இன்னொண்ணு. செல்ஃப் நல்லா சுத்திட்டு திடீர்னு இடிச்ச மாதிரி நின்னா, திரும்பத் திரும்ப அடிக்காதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி இறங்கியிருக்கலாம். தண்ணி அழுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். நாசிலைக் கழட்டிட்டு கையால சுத்திப் பார்க்கணும். இங்க பேட்டரி மாத்தறதுல அர்த்தமே இல்லை.

நம்ம டிராக்டர்காரங்க செல்ஃப் முக்கினா மேட்டுல நிறுத்தி வைப்பாங்க. காலையில உருட்டி விட்டா பிடிச்சுக்கும். அப்படியே ரெண்டு வருஷம் ஓட்டறவங்களும் உண்டு. கடல்ல மேடு ஏது? வலையை விட்டுட்டு எஞ்சினை நிறுத்தினா, மறுபடி அது பிடிச்சாத்தான் வீடு. காத்து மாறி, தண்ணி இழுத்துட்டுப் போகற நேரத்துல "கரையில பிடிச்சுதே"ன்னு சொல்லி என்ன பயன்?

அதனால ஒரு யோசனை சொல்றேன். தடைக்காலத்துல மீன்வளத்துறை விசைப்படகுகளை நேர்ல பார்த்து ஆய்வு பண்றாங்க. அந்த ஆய்வுல செல்ஃப் அடிச்சு மீட்டர் வைக்கறதையும் சேர்க்கட்டும். ஒரு படகுக்குப் பத்து நிமிஷம் ஆகும். மீனவர் கூட்டுறவு சங்கமும், ஐ.டி.ஐ. பசங்களும் கை கொடுத்தா தடை முடியறதுக்குள்ள எல்லாப் படகையும் பார்த்துடலாம். பசங்களுக்கும் அது கைத்தொழில் பழகின மாதிரி.

அதுவரைக்கும் சர்க்கார் வரட்டும்னு காத்திருக்க வேண்டாம். துறைக்கு ஒரு மீட்டர் வாங்கி, அதைப் பிடிக்கத் தெரிஞ்ச ஒருத்தரை வச்சுக்குங்க. பெயிண்ட் அடிக்கற அதே அக்கறையை எர்த் போல்ட்டு மேலயும் காட்டுங்க.