வாங்கியவருக்கே விற்கும் உரிமை

ஒரு நூலில் அச்சிட்ட ஒரு டாலர் விலைக்குக் குறைத்து அதை விற்கலாகாது என்ற பதிப்பகத்தின் நிபந்தனையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1908-இல் நிராகரித்தபோது, ஒரு பிரதியின் மீது பதிப்புரிமையாளருக்குள்ள விற்பனைக் கட்டுப்பாடு அதன் முதல் விற்பனையோடு முடிந்துவிடுகிறது என்னும் 'முதல் விற்பனைக் கோட்பாடு' நிலைபெற்றது. வட்டில் வரும் வீடியோ கேம்களுக்கும் இந்நெறி பொருந்துவதால், ஆடி முடித்த வட்டை அதன் பெட்டியோடு கடையில் கொடுத்து, கிடைக்கும் தொகையை அடுத்த விளையாட்டின் விலையில் கழித்துக்கொள்வது அங்கே பரவலான வழக்கமாயிற்று. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியில் இக்கைமாற்றத்துக்கு வரம்பு விதிக்க முற்பட்டு, வாங்குவோரின் கடும் எதிர்ப்பால் ஜூன் மாதத்திலேயே அம்முடிவைக் கைவிட்டது.

ஆயினும், இணையத்தில் பதிவிறக்கப்படும் விளையாட்டு பெரும்பாலும் உரிமமாகவே, அதாவது வாங்கியவரின் கணக்கோடு பிணைந்த, ஆடுவதற்கான அனுமதியாகவே தரப்படுவதால், முழு விலை கொடுத்தவரும் அதை விற்க இயலாது. தம்பிக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடவும் இயலாது. பழைய பிரதியின் விற்பனையால் படைப்பாளிக்கு வருவாய் இல்லை என்னும் வாதம் உண்மையே என்றாலும், விற்றவர் பெறும் பணம் புதிய விளையாட்டை வாங்கவும் உதவுகிறது என்பதை அவ்வாதம் மறந்துவிடுகிறது. கலிபோர்னியாவில் 2025 முதல் நடப்பிலுள்ள சட்டம், வாங்குவது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவிக்காமல் 'வாங்குக' என்ற சொல்லை விற்பனையாளர் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. அறிவிப்பு மட்டும் போதாது; விலை கொடுத்தவருக்குக் கைமாற்றும் உரிமையையும் சட்டம் உறுதி செய்ய வேண்டும்.