குடத்துக்குள் விளக்கு வேண்டாம்!

விடியற்காலை நேரம். கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தம்.

சென்னையில் இருந்து திருப்பதிக்குப் போகும் சாலை அது. ஒரு பக்கம் திருவள்ளூர். மறு பக்கம் திருத்தணி. அதையும் தாண்டினால் ஆந்திரா.

சாப்பாட்டு டப்பாவைக் கையில் பிடித்தபடி சிலர் நிற்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டு சிலர் டீக்கடையில் உட்கார்ந்து இருக்கிறார்கள். அவர்கள் வேலை கிடைக்காதவர்கள்.

இரண்டு பேரும் படித்தவர்கள்தான். அதே பள்ளிக்கூடம். அதே பட்டம். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

"ஐம்பது இடத்துக்கு எழுதிப் போட்டேன். ஒரு பதிலும் இல்லை" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். அது உண்மைதான். ஆனால் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ஆளைத் தேடுகிறவர் கண்ணில் நீங்கள் படுகிறீர்களா?

அட்டையும் பக்கமும்

முன்பெல்லாம் படித்து முடித்தால் வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போவார்கள். பெயரைப் பதிவார்கள். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிப்பார்கள். "கார்டு" வரும் என்று தபால்காரரை எதிர்பார்த்து இருப்பார்கள்.

அந்த அலுவலகம் இன்றும் இருக்கிறது. ஆனால் தனியார் கம்பெனிகள் இப்போது இன்டர்நெட்டில் ஆள் தேடுகின்றன. நம் நாட்டில் நௌக்ரி என்ற வேலை தேடும் தளம் 1997-ல் வந்தது. அமெரிக்காவில் லிங்க்டு இன் 2003-ல் தொடங்கியது. 2016-ல் அதை மைக்ரோசாப்ட் கம்பெனி வாங்கியது. இன்று உலகம் முழுவதும் 100 கோடிப் பேருக்கு மேல் அதில் பெயர் பதிந்து இருக்கிறார்கள். அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியர்களே அதிகம்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் உண்டு. பெயர், படம், படிப்பு, தெரிந்த தொழில், செய்த வேலை எல்லாம் அதில் இருக்கும். பக்கம் தொடங்கப் பணம் வேண்டாம். செல்போன் இருந்தால் போதும்.

எப்படித் தேடுகிறார்கள்?

ஆள் எடுக்கும் அதிகாரி கோடிப் பக்கங்களைப் படிப்பது இல்லை. கம்ப்யூட்டரில் சில சொற்களை அடிக்கிறார். என்ன வேலை, என்ன தெரிய வேண்டும், எந்த ஊர், எத்தனை ஆண்டு அனுபவம். இவ்வளவுதான். அந்தச் சொற்கள் உள்ள பக்கங்கள் முன்னால் வரும். இல்லாதவை அடியில் கிடக்கும்.

நம் பிள்ளைகள் என்ன எழுதுகிறார்கள்? "கடுமையாக உழைப்பவன்", "வேலை தேடுகிறேன்" என்று எழுதுகிறார்கள். நல்ல சொற்கள்தான். ஆனால் அந்தச் சொற்களை அடித்து எந்த அதிகாரியும் தேடுவது இல்லை!

டிப்ளமோ படித்த பையன், தான் ஓட்டத் தெரிந்த இயந்திரத்தின் பெயரை எழுத வேண்டும். பி.காம். படித்த பெண், டேலி, எக்செல், ஜி.எஸ்.டி. கணக்கு என்று தெரிந்ததை எழுத வேண்டும். பயிற்சி எடுத்த இடத்தையும், எத்தனை மாதம் என்பதையும் சேர்க்க வேண்டும்.

ஒரு சுலபமான வழி உண்டு. நீங்கள் விரும்பும் வேலைக்கு வந்த ஐந்து விளம்பரங்களை எடுங்கள். திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக் கொள்ளுங்கள். அவற்றில் உங்களுக்கு உண்மையாகத் தெரிந்தவற்றை மட்டும் அதே ஆங்கிலச் சொல்லில் பக்கத்தில் எழுதுங்கள். பெயருக்குக் கீழே வரும் வரியில் 220 எழுத்து வரை எழுதலாம். அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். அதை வீணாக்கக் கூடாது.

ஊர்ப் பெயர் கேவலமா?

சிலர் சொந்த ஊரின் பெயரை மறைக்கிறார்கள். தமிழில் படித்ததை மறைக்கிறார்கள். "கிராமத்தான் என்று தள்ளி விடுவார்களோ?" என்ற பயம்.

இது வேண்டாத பயம் என்பது என் கருத்து. திருத்தணியில் பிறந்தவர்தான் டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் 1962-ல் நம் நாட்டின் ஜனாதிபதி ஆனார். ஊர் அவருக்குத் தடையாக இல்லை.

ஊரை உள்ளபடி எழுதுங்கள். எந்த ஊர்களில் வேலை செய்யத் தயார் என்று சொல்லத் தனி இடம் இருக்கிறது. அதில் சென்னை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று சேர்க்கலாம். பொய்யும் இல்லை, வாய்ப்பும் போகாது.

இன்னொன்றும் உண்டு. திருத்தணி வட்டாரம் 1960-ல்தான் ஆந்திராவில் இருந்து நம் மாநிலத்துடன் சேர்ந்தது. இங்கே பல வீடுகளில் தமிழும் தெலுங்கும் சேர்ந்தே புழங்கும். இதை ஒரு திறமையாக யாரும் நினைப்பதே இல்லை! எல்லைக்கு அந்தப் பக்கம், தடா அருகே ஸ்ரீசிட்டி தொழில் நகரம் இருக்கிறது. இரண்டு மொழியும் பேசத் தெரிந்தவர் அங்கே எவ்வளவு பயன்படுவார்! மொழி என்ற இடத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

தற்பெருமையா?

"தன்னைத் தானே புகழலாமா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அடக்கம் நல்ல குணம். ஆனால் தெரிந்ததைத் தெரியும் என்று சொல்வது தற்பெருமை ஆகாது.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சிபாரிசு செய்ய மாமா இருப்பார், சித்தப்பா இருப்பார். கூலி வேலை செய்து படிக்க வைத்த தகப்பனாருக்கு எந்த அதிகாரியைத் தெரியும்? அந்தப் பிள்ளைக்கு அந்தப் பக்கம்தான் சிபாரிசுக் கடிதம். அதை வெறுமையாக விட்டு வைப்பது, அப்பா அம்மா பட்ட கஷ்டத்தை மூடி வைப்பது போல் ஆகும்.

பெண்ணின் படம்

பெண் பிள்ளை உள்ள வீட்டில் வேறு ஒரு கவலை.

"ஏம்மா, உன் போட்டோவை ஊர் உலகமே பார்க்க வேண்டுமா?" என்று தகப்பனார் கேட்கிறார்.

"வேலைக்குத்தான் அப்பா" என்கிறாள் மகள்.

தகப்பனாரின் கவலையைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்காகப் பக்கமே வேண்டாம் என்று தடுத்தால், நஷ்டம் பெண்ணுக்குத்தான். படத்தை யார் யார் பார்க்கலாம் என்று அவளே தீர்மானிக்க வழி உண்டு. வேலை தேடுவதை ஆள் எடுப்பவர்கள் மட்டும் அறியும்படியும் வைக்கலாம். வீட்டு விலாசமும் போன் நம்பரும் ஊர் பார்க்கும் இடத்தில் வேண்டாம். தகப்பனாரும் மகளும் சேர்ந்து உட்கார்ந்து பக்கத்தை எழுதட்டும். பயம் பாதி போய் விடும்.

வலை விரிப்பவர்கள்

விளக்கு எரிந்தால் விட்டில் பூச்சியும் வரும். பக்கம் எல்லோருக்கும் தெரிந்தால் மோசக்காரர்களும் வருவார்கள்.

2022-ல் என்ன நடந்தது? தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஆசை காட்டி அழைத்தார்கள். நம்பிப் போன தமிழக வாலிபர்கள் மியான்மர் நாட்டின் மியாவடியில் சிக்கினார்கள். இன்டர்நெட் மோசடி செய்யும்படி அவர்களைக் கட்டாயப்படுத்தினார்கள். அரசு தலையிட்டு, பலர் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

ஆகவே மூன்று விஷயங்களை மறக்காதீர்கள். வேலைக்குப் பணம் கேட்டால் அது வேலை அல்ல. ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. வெளிநாடு என்றால், ஏஜெண்டு அரசிடம் பதிவு செய்தவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்க வேண்டும். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும்.

நாமும் பொய் எழுதக் கூடாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் பேட்டியில் இரண்டாவது கேள்வியிலேயே சாயம் வெளுத்து விடும்.

என்ன செய்ய வேண்டும்?

பக்கம் எழுதினால் மறு நாளே வேலை வரும் என்று நான் சொல்லவில்லை. வேலையை உண்டாக்குவது தொழிற்சாலை, பக்கம் அல்ல. ஆனால் இருக்கிற வேலை நம் பிள்ளைகளின் வாசலைத் தாண்டிப் போகாமல் அது தடுக்கும்.

இதைக் கல்லூரிகள் சொல்லித்தர வேண்டும். தமிழக அரசின் "நான் முதல்வன்" திட்டம் 2022-ல் தொடங்கியது. மாணவர்களின் திறமையை வளர்ப்பது அதன் நோக்கம். வளர்த்த திறமையை நாலு பேர் அறிய எழுதுவதற்கும், கடைசி ஆண்டில் சில மணி நேரம் ஒதுக்கட்டும். பட்டணத்துப் பிள்ளைக்கு இது தானாகத் தெரிந்து விடுகிறது. கிராமத்துப் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கனகம்மாசத்திரத்தின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்கும் இடம். இருட்டில் வருகிறவருக்கு, வாசலில் விளக்கு எரிந்தால்தானே இங்கே இடம் உண்டு என்று தெரியும்?

குடத்துக்குள் வைத்த விளக்கும் எரியத்தான் செய்கிறது. ஆனால் குன்றின் மேல் வைத்த விளக்குத்தான் ஊருக்குத் தெரிகிறது. பிள்ளைகளே! உங்கள் விளக்கைக் குடத்தில் இருந்து வெளியே எடுங்கள்!