சிகிச்சை முடிந்தவர் கையில் ஒரு தாள்

ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் இளவயதினரை அதிகம் தாக்குவது; இன்று அவர்களில் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். மருத்துவத்தின் பெருவெற்றிகளில் இது ஒன்று. அந்த வெற்றிக்குப் பின் நடப்பதை நெதர்லாந்து ஆய்வாளர்கள் பொறுமையாகப் பின்தொடர்ந்தார்கள். 1965 முதல் 2000 வரை சிகிச்சை பெற்று, குறைந்தது ஐந்து ஆண்டுகள் தாண்டிய 3,905 பேரைப் பற்றிய அவர்களின் ஆய்வு 2015இல் வெளியானது. நாற்பது ஆண்டுகளுக்குள் இன்னொரு புற்றுநோய் வரும் வாய்ப்பு இவர்களுக்கு 48.5 சதவீதம் என்றது அது. பழைய நோய் திரும்புவதல்ல இது. மார்பகத்திலோ நுரையீரலிலோ புதிதாக முளைப்பது. உயிரைக் காத்த கதிர்வீச்சுக்கே இதில் பெரும் பங்கு உண்டு. சில கீமோ மருந்துகளால் வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்குள் தலைகாட்டிவிடும். கதிர்வீச்சால் வரும் கட்டிகளோ பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தும் வரலாம். அதற்குள் நோயாளி ஊர் மாறியிருப்பார், மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார், ஃபைல் கரையானுக்குப் போயிருக்கும்.

இளவயதில் மார்பில் 10 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு பெற்ற பெண்கள், 25 வயதிலிருந்தோ கதிர்வீச்சு முடிந்த எட்டாம் ஆண்டிலிருந்தோ, எது பிந்தியதோ அப்போது தொடங்கி ஆண்டுதோறும் எம்ஆர்ஐ உள்ளிட்ட மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதல். எத்தனை கிரே, உடலில் எந்த இடத்தில் என்று தெரியாத பெண்ணுக்கு இந்த வழிகாட்டுதலால் என்ன பயன்? ஆகவே, சிகிச்சை முடியும் நாளிலேயே கதிர்வீச்சின் அளவு, இடம், மருந்துகளின் பெயர், மொத்த டோஸ், இனி எப்போது எந்தப் பரிசோதனை என்பதையெல்லாம் தமிழில் எழுதிய ஒரு தாளை நோயாளியிடம் கொடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

மீண்டு வந்தவரைப் பயமுறுத்தலாமா என்று கேட்கலாம். பயம் உண்மைதான். ஆனால் மார்பில் தட்டுப்படும் கட்டியை, 'எனக்குத்தான் ஏற்கெனவே வந்து போய்விட்டதே' என்று விட்டுவிடுவது அதைவிடக் கொடியது. இதைக் கேட்டுச் சிகிச்சைக்கே அஞ்சி ஒதுங்குவார்களே என்பதும் நியாயமான கவலை. சிகிச்சை எடுக்காவிட்டால் முதல் நோயே கொன்றுவிடும் என்பதையும், கதிர்வீச்சின் பரப்பும் அளவும் இன்று வெகுவாகக் குறைந்திருப்பதையும் மருத்துவர் சேர்த்தே சொல்ல வேண்டும். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் நேரம் ஏது என்பார்கள். தாளில் கேட்கும் சிகிச்சை விவரங்கள் எல்லாம் பதிவேட்டில் இருப்பவையே; இனிவரும் பரிசோதனைகளை மட்டும் மருத்துவர் குறித்தால் போதும். பயிற்சி பெற்ற செவிலியரே எடுத்தெழுதிவிடலாம். உண்மையான தடை செலவு. எம்ஆர்ஐ எடுக்க வசதியில்லாதவரிடம் தாளை மட்டும் நீட்டுவது கொடுமை. அந்தப் பரிசோதனைகளுக்கான பணத்தை அரசுக் காப்பீடே ஏற்க வேண்டும்.