உள்ளத்திற்கும் மருந்துண்டு

காலில் முள் தைத்தவன் அதனைக் களைய முயல்கின்றான். காய்ச்சல் கண்டவன் மருத்துவரை நாடுகின்றான். அவர்களை எவரும் எள்ளுவதில்லை. ஆனால், உள்ளம் நொந்து, உறக்கம் இழந்து, உணவு செல்லாது, நூலைத் திறந்தால் ஒருவரியும் மனத்திற் பதியாது மயங்கும் கல்லூரி மாணவனோ அதனை வாய்திறந்து சொல்ல நாணுகின்றான். சொன்னால் கோழை என்பர். பைத்தியம் என்பர் என்று அஞ்சுகின்றான். வடமொழி வழிவந்த அச்சொல்லை மட்டுமன்று, அச்சொல்லோடு ஒட்டிக்கிடக்கும் இகழ்ச்சியையும் தமிழர் களைந்தெறிய வேண்டும்.

இந்திய நடுவணரசின் குற்ற ஆவணக் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,044 பேர். நாளொன்றுக்கு 35 பேருக்கு மேல் என்பது இதன் பொருள். இச்சாவுகளுக்கு ஒற்றைக் கரணியம் காட்டுதல் பொருந்தாது. தேர்வுத் தோல்வி, கடன், சாதியிழிவு, காதல் முறிவு, குடும்பப் பூசல், தனிமை, முன்னரே முளைத்து மருத்துவம் பெறாத உளநோய் எனப் பலவும் ஒருங்கே பின்னிக் கிடக்கின்றன. இவற்றுள் பெரும்பாலானவை உரிய நேரத்தில் உரிய துணை கிடைப்பின் தாங்கத்தக்கவை, தீர்க்கத்தக்கவை.

தமிழ்நாட்டு மாணவர்க்கு மற்றுமொரு சுமையும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்புவரை தாய்மொழியில் கற்று முதன்மை பெற்ற சிற்றூர்ப் பிள்ளை, கல்லூரியுள் நுழைந்த முதல்நாளே ஆங்கிலத்தின்முன் ஊமையாக்கப்படுகின்றான். அறிவு குன்றாதிருந்தும், குன்றியதாகத் தன்னையே நம்பத் தலைப்படுகின்றான். அவனுக்கு அறிவுரை கூற அமர்ந்தவரும் ஆங்கிலத்திலேயே வினவினால், அவன் துயர் எவ்வாறு வெளிப்படும்? வயிற்றுவலியைக்கூட வேற்றுமொழியில் சொல்லிவிடலாம். நெஞ்சின் வலியைத் தாய்மொழியிலன்றி முழுதும் சொல்லலாகாது. எனவே, கல்லூரிதோறும் தமிழில் கேட்டுத் தமிழில் ஆற்றுப்படுத்தும் உளநல அறிஞர் வேண்டும் என்பது மொழியுரிமை மட்டுமன்று, உயிருரிமையுமாகும்.

துயரை வெளிப்படுத்துதல் தமிழ்மரபுக்குப் புறம்பானதன்று. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையையும் அச்சத்தையும் ஒதுக்காது வைத்தெண்ணினார். 'இடுக்கண் அழியாமை' பாடிய வள்ளுவரே 'மருந்து' என்னும் அதிகாரமும் பாடினார். முன்னதைமட்டும் எடுத்துக்காட்டி, 'மனத்தைத் திடமாக்கிக்கொள்' என்று நோயுற்றவனைத் திருப்பியனுப்புதல் குறளறிந்தார் செயலன்று. மேலும், மருத்துவத்தின் கூறுகளாக நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுவானையும் அவர் நான்காவதாக வைத்தார். விடுதித் தோழனும் தோழியும் ஏற்கவேண்டிய இடம் அதுவே.

சட்டமும் இன்று மாணவர் பக்கம் நிற்கின்றது. 1860ஆம் ஆண்டின் குற்றவியற் சட்டம் தற்கொலை முயற்சியைச் சிறைக்குரிய குற்றமாக்கி, அதன் 309ஆம் பிரிவில் வைத்தது. 2017ஆம் ஆண்டின் உளநலச் சட்டமோ, அத்தகையோரைக் கடுந்துயர்க்கு ஆட்பட்டோராகக் கொண்டு காக்க வேண்டும் என்றது. 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அப்பழம்பிரிவு இடம்பெறவில்லை. மருத்துவரிடம் சொன்னதை மந்தணமாகக் காத்தலும் 2017 சட்டம் தந்த உரிமையே. உயிர்க்கேடு நேரும் நிலை போன்ற சிலவே அதற்கு விலக்கு. நூறு மாணவரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் கல்விநிலையங்கள் தகுதிபெற்ற உளநல அறிவுரையாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று உச்ச முறைமன்றம் 2025 சூலையில் நெறிவகுத்துள்ளது. அந்நெறி ஏட்டளவில் நில்லாவண்ணம் வினவிப் பெறுதல் மாணவர் மன்றங்களின் கடன்.

இனி, இயக்கத்தார்க்கும் ஒருசொல் உண்டு. மாணவர் ஒருவர் துயரால் மாண்டதும் அச்சாவை ஈகமென்று போற்றிச் சுவரொட்டி ஒட்டுவதும், மேடைதோறும் முழங்குவதும் வழக்கமாகி வருகின்றன. கொடுமைக்கு எதிராகக் குரலெழுப்புதல் வேண்டும், ஐயமில்லை. ஆயின், சாவைப் புகழ்ந்துரைக்குமிடத்து, அதே துயரில் உழலும் மற்றொரு பிள்ளை அப்புகழையே வழியாகக் கொள்ளக்கூடும் என்பது மருத்துவர் கண்டறிந்த உண்மை. தமிழுக்கு வேண்டுவது மாணவர்தம் படத்திறப்பன்று. அவர்தம் வாழ்வும் உழைப்பும் ஆகும்.

இரண்டு கிழமைக்கு மேலும் சோர்வு நீங்காத மாணவர், நம்பத்தக்க ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ இன்றே செல்லட்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் உளநல மருத்துவம் உண்டு. வாழ்தல் வேண்டா என்னும் எண்ணம் தலைதூக்கின் ஒருநொடியும் தனித்திராது, அருகிலுள்ளாரை அழைக்கட்டும். 14416 என்னும் எண்ணில் நடுவணரசின் உளநல உதவி, 2022 அக்தோபர் முதல், இரவுபகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் கிடைக்கின்றது. தோழர்கள் அவரைத் தனியே விடாது உடன் செல்லட்டும். துணைதேடுதல் தோல்வியன்று, அது வாழ்வுக்குத் துணிந்தோர் செயல்.