எடுப்புக் கணக்கில் அம்மா

வணிகவியல் முதலாண்டு, முதல் பருவம், முதல் அலகு. அங்கே நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் கருத்து, தொழில் வேறு, உரிமையாளர் வேறு என்பது. தொழில் தனித்தன்மைக் கருத்து என்று அதற்குப் பெயர். உரிமையாளர் தொழிலில் போட்ட பணம் முதல். தொழிலிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போன அரிசியும் ரொக்கமும் எடுப்புகள். எடுப்புகளை முதலிலிருந்து கழிக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் சொல்லி முடித்துவிடலாம். மாணவிகளுக்கும் சட்டென்று புரிந்துவிடும்.

என்ன புரிகிறது என்பதில்தான் என் சண்டை. கடையிலிருந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு படி அரிசியும் ஏட்டில் ஏறுகிறது. வீட்டிலிருந்து தொழிலுக்கு வருகிற எதுவும் ஏறுவதில்லை. மதியம் கல்லாவில் உட்காருகிற மனைவிக்கும், களத்தில் நெல்லைக் காயவைத்துக் கிளறுகிற அம்மாவுக்கும், அறுப்பு ஆட்களுக்குச் சோறு பொங்குகிற பாட்டிக்கும் பேரேட்டில் ஒரு பக்கம் கிடையாது. அடுத்த வாரம் பண மதிப்பீட்டுக் கருத்து வந்து மிச்சக் கதவையும் சாத்திவிடும்: பணத்தால் அளக்க முடியாதது கணக்கில் வராது. இரண்டையும் சேர்த்துப் படிக்கிற பதினேழு வயதுப் பெண்ணுக்கு மனதில் தங்குவது ஒன்றுதான். தொழில் சம்பாதிக்கிறது, வீடு தின்கிறது.

இந்தக் கருத்துகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தனித்தன்மைக் கருத்து நல்ல கருத்து. அதைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறோம் என்பதே என் புகார். வீட்டுக்குப் போனதை எழுதுகிற அதே கறாரோடு வீட்டிலிருந்து வந்ததையும் எழுதினால் நம் வகுப்பறைகளில் பல கணக்குகள் தலைகீழாகும்.

யார் இந்த மாணவிகள்? தஞ்சாவூரைச் சுற்றி ஒரத்தநாடு, திருவையாறு, பாபநாசம், அம்மாப்பேட்டை என்று நாலா பக்கமிருந்தும் காலை பஸ் பிடித்து வருகிறவர்கள். அரசுப் பள்ளியில் படித்ததால் 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறவர்கள் இவர்களில் நிறையப் பேர். சேர்க்கைப் படிவத்தில் அப்பாவின் தொழில் என்ற இடத்தில் விவசாயம் என்றும் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் இல்லத்தரசி என்றும் எழுதித் தருவார்கள். கேட்டால், “அம்மா வீட்டுலதான் இருக்காங்க மேம். நடவு, களையெடுப்புக்கு மட்டும் வயலுக்குப் போவாங்க” என்பார்கள். நெல் விவசாயத்தில் நடவையும் களையெடுப்பையும் எடுத்துவிட்டால் பாக்கி என்ன இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்பேன்.

பணத்தால் அளக்க முடியாதா இந்த உழைப்பை? அதே பெண் பக்கத்து வயலில் நட்டால் கூலி உண்டு. அந்த வயல்காரர் அதைச் செலவாக எழுதுவார். சொந்த வயலில் நட்டால் சுழியம். கை அதே கை, நாற்று அதே நாற்று. நடவாள் கூலி ஊரறிந்த தொகை. அளவுகோல் இருக்கிறது, எடுத்து வைக்கத்தான் மனமில்லை. ஒன்றிய அரசின் வேளாண் செலவுகள் மற்றும் விலைகள் ஆணையம் வெகுகாலமாக அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கையிலிருந்து போன செலவு மட்டும் என்றால் ஏ2. கூலி வாங்காத குடும்ப உழைப்பின் மதிப்பையும் சேர்த்தால் ஏ2+எஃப்.எல். சொந்த நிலத்தின் குத்தகை மதிப்பையும் சொந்த முதலின் வட்டியையும் சேர்த்தால் சி2. எதன்மேல் 50 சதவீதம் வைத்து ஆதார விலை தருவது என்பதில்தான் விவசாயிகளுக்கும் அரசுக்கும் இத்தனை ஆண்டு மல்லுக்கட்டு. அந்த 50 சதவீதத்தைப் பரிந்துரைத்த ஆணையத்தின் தலைவர் எம்.எஸ். சுவாமிநாதன், நம் கும்பகோணத்தில் பிறந்தவர். டெல்டாவின் வணிகவியல் வகுப்பில் செலவினக் கணக்கியல் நடத்த இதைவிடப் பொருத்தமான உதாரணம் எங்கே கிடைக்கும்? நாங்களோ ஏதோ ஒரு கம்பெனி தயாரிக்கும் ‘எக்ஸ்’ என்ற பொருளுக்கு அடக்கவிலை கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆதார விலையும் யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சிட்டா, அடங்கல் கேட்பார்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் விவசாயி. பணம் அவருடைய வங்கிக் கணக்குக்குப் போகும். குடும்ப உழைப்பு விலைக்குள் சேர்ந்துவிட்டது, உழைத்தவள் சேரவில்லை.

அடுத்தது நகை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டெல்டாவில் குறுவையின் முதல் பெரும்பாலும் பீரோவிலிருந்துதான் புறப்படுகிறது. ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்றால் அதற்கு முன்பே விதைநெல்லுக்கும் டிராக்டருக்கும் உரத்துக்கும் பணம் வேண்டும். தோடும் சங்கிலியும் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போகும், இல்லாவிட்டால் கடைத்தெரு அடகுக் கடைக்கு. இதற்குக் குறிப்பேட்டுப் பதிவு எழுதச் சொன்னால் மாணவிகள் சரியாக எழுதுகிறார்கள்: ரொக்கக் கணக்கு பற்று, சங்கக் கடன் கணக்கு வரவு. பிணையாகப் போன நகை யாருடையது என்பதற்கு அந்தப் பதிவில் இடமில்லை. சரி, விளைச்சல் பொய்த்து, வட்டி ஏறி, நகை ஏலத்தில் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது பதிவு என்ன? சங்கக் கடன் கணக்கு பற்று. வரவு எதில்? வகுப்பில் பத்துக்கு எட்டுப் பேர் “முதல் கணக்கு” என்பார்கள், அதாவது அப்பா புதிதாக முதல் போட்டார் என்று. ஒரு பெண்ணின் சொத்தை விற்றுக் கடன் அடைத்தாயிற்று, ஏட்டில் ஒரு ஆணின் முதல் கூடிவிட்டது!

இது கணக்கியலின்படியே தவறு. சீதனம் மனைவியின் தனிச் சொத்து என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தனிச் சொத்தைத் தொழில் எடுத்துக்கொண்டால் அவள் அந்தத் தொழிலுக்குக் கடனீந்தவள். இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கம் அவள் பெயர் இருக்க வேண்டும், திருப்பித் தரும்வரை இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து எந்தப் பயிற்சிக் கணக்கிலும் இப்படி ஒரு பதிவைக் கேட்டதில்லை. தீப்பிடித்து எரிந்த சரக்குக்குப் பதிவு கேட்பார்கள், திருட்டுப்போன ரொக்கத்துக்குக் கேட்பார்கள். நகைக்குக் கேட்கமாட்டார்கள்.

குழுக் கடனுக்கு வருவோம். தேய்மானம் என்ற பாடத்தில் நேர்கோட்டு முறை, குறைந்துசெல் மதிப்பு முறை என்று இரண்டையும் மாணவிகள் கரைத்துக் குடித்திருப்பார்கள். இயந்திரத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறைகிறதா, குறைந்த மதிப்பின்மேல்தான் அடுத்த கணக்கா என்று அசராமல் போடுவார்கள். அவர்கள் வீட்டில் அம்மா வாரா வாரமோ மாதா மாதமோ கட்டுகிற டியூவுக்கு அதே கேள்வியைப் போடக் கற்றுக்கொடுத்தோமா? 30,000 ரூபாய் கடன், 24 மாதம், ‘ஃபிளாட் வட்டி 12 சதவீதம்’ என்று சொல்கிறார்கள் என்று வையுங்கள். வட்டி 7,200. மொத்தம் 37,200. மாதம் 1,550. ஆனால் முதல் மாதமே அசலில் கொஞ்சம் திரும்பிப் போய்விடுகிறது. பன்னிரண்டாவது மாதம் ஏறக்குறைய பாதிக் கடன்தான் கையில் இருக்கும். வட்டி மட்டும் கடைசிவரை முழு 30,000க்கு. குறையும் இருப்பின்மேல் கணக்கிட்டால் இது ஆண்டுக்குச் சுமார் 21½ சதவீதம். உண்மையான ஆண்டு வட்டியை ஒரு தாளில் எளிமையாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும், மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்றும் 2022இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. அந்தத் தாளை வாங்கிப் படித்து, ‘இது சரியில்லை அண்ணா’ என்று வசூலுக்கு வருகிறவரிடம் சொல்லக்கூடிய ஒருத்தி அந்தத் தெருவில் வேண்டும். வணிகவியல் படிக்கும் பெண் அதுவாக இல்லாவிட்டால் வேறு யார்?

இனி, வணிக அமைப்பு என்ற தாள். கூட்டாண்மைச் சட்டம் 1932 என்றதும் மாணவிகள் மனப்பாடமாகச் சொல்வார்கள்: உடன்பாடு எதுவும் இல்லையென்றால் லாபம் சமமாகப் பிரியும், கூட்டாளி முதலுக்கு மேல் கொடுத்த பணத்துக்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி உண்டு. எவ்வளவு நியாயமான சட்டம்! பேசி வைத்துக்கொள்ளாதவர்கள் சமமானவர்கள். ஆனால் கூட்டாண்மை ஒப்பந்தத்தால் பிறப்பது, அந்தஸ்தால் பிறப்பதல்ல என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்லிவிடுகிறது. ஆகவே முப்பது வருடம் சேர்ந்து மளிகைக் கடை நடத்திய மனைவி, தாலி கட்டிக்கொண்டதால் மட்டும் கூட்டாளி ஆகிவிடமாட்டாள். ஒரு பத்திரம் எழுதினால் ஆகலாம். எத்தனை வீட்டில் எழுதுகிறார்கள்? எழுதலாம் என்றாவது நாம் சொல்கிறோமா?

இந்து கூட்டுக் குடும்ப வணிகம் இன்னும் மோசம். ‘குடும்பத்தின் மூத்த ஆண் உறுப்பினரே கர்த்தா’ என்று என் மாணவிகள் கையில் இருக்கிற கைடுகளில் இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. அப்படியே எழுதினால் மதிப்பெண்ணும் கிடைக்கும். தமிழ்நாடு 1989இலேயே மகளுக்குப் பிறப்பால் பங்குரிமை கொடுத்தது, அந்தச் சட்டத்துக்கு முன் மணமான மகள்களை மட்டும் விட்டுவிட்டு. 2005இல் நாடு முழுவதற்கும் சட்டம் திருத்தப்பட்டது. திருத்தம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மூத்தவள் பெண் என்றால் அவளே கர்த்தா ஆகலாம் என்று 2015இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மூத்த மகள்கள், தங்களுக்கு இல்லாமல் போன ஒரு தடையை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். இதைப் பழைய பதிப்பு என்று சொல்லிக் கடந்துபோக என்னால் முடியவில்லை. ஜி.எஸ்.டி. 2017இல் வந்தது, உடனே பாடத்தில் ஏறியது. அதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தைய சட்டம் ஏற மறுக்கிறது.

“இதெல்லாம் பெண்ணியம், பெண்கள் மையத்தில் பேசுங்கள். இங்கே பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க வேண்டும். டேலி சொல்லிக்கொடுங்கள்” என்கிறார்கள் சக ஆசிரியர்கள். டேலியும் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறோம். பாதிப் பேர் அதைக் கற்று, ஏதோ ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கல்யாணம் வரை குறைந்த சம்பளத்துக்குப் பதிவு போடுகிறார்கள். பிறகு புகுந்த வீட்டில் கடைக்கணக்கைச் சம்பளமே இல்லாமல் பார்க்கிறார்கள், அதையும் ‘உதவி’ என்பார்கள். கணக்கு எழுதத் தெரிந்தவளுக்குத் தன் கணக்கு எழுதத் தெரியாமல் போனது தற்செயல் இல்லை. 2019இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், கூலியில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிட்டது நாளுக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களில் அந்த வேலையில் கைவைத்தவர்களுக்கு 97. மாநில அரசே 2023இல் மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது உதவித்தொகை என்று பெயர் வைக்கவில்லை, உரிமைத்தொகை என்றது. தொகை போதுமா என்பது வேறு சண்டை. அரசாங்கத்தின் அகராதி நகர்ந்துவிட்டது, பாடத்திட்டத்தின் அகராதி நகரவில்லை.

கணக்கில் பெண் பெயர் வருவது ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று நினைப்பவர்கள் பெரிய கோவிலை ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். கல்வெட்டில் ராஜராஜனின் அக்கா குந்தவை ஊர்ச் சபைகளிடம் காசு கொடுத்து வட்டிக்கு விட்ட கணக்கு இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12½ சதவீதம். தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பெயரும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும், ஆளுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்பதும் வெட்டப்பட்டிருக்கிறது. பொற்காலம் என்று கொண்டாட இதைச் சொல்லவில்லை. அந்தப் பெண்கள் பல ஊர்க் கோவில்களிலிருந்து அரசன் ஆணையால் கொண்டுவரப்பட்டவர்கள், அவர்களை யாரும் விருப்பம் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனாலும் ஆயிரம் வருடத்துக்கு முன் கல்லில் உளி வைத்துப் பெயரும் கூலியும் எழுத முடிந்திருக்கிறது. குந்தவை பெயரில் பெண்களுக்கு அரசுக் கல்லூரி இருக்கும் ஊரில், கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு நம்மால் முடியவில்லை.

கூலி என்றதும் இன்னொன்று. மேலாண்மைக் கோட்பாடுகள் தாளில் ஃபிரெடரிக் டெய்லர் வருவார். பெத்லஹேம் இரும்பாலையில் ஒரு தொழிலாளி நாளுக்கு 12½ டன் இரும்பு தூக்கியதை 47½ டன்னாக உயர்த்திய கதை, கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆன கதை. சுமை கிட்டத்தட்ட நான்கு மடங்கு, கூலி ஒன்றரை மடங்கு சொச்சம். அதை அறிவியல் மேலாண்மை என்று எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அன்றைய தஞ்சை மாவட்டத்தில், கூலிப் போராட்டம் நடந்துகொண்டிருந்த 1968 டிசம்பரில், கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசையில் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நிர்ணயம், தொழிலுறவு என்று அலகுகள் இருக்கின்றன. வெண்மணி எந்த அலகிலும் இல்லை.

பாடத்திட்டக் குழு கூடி, தீர்மானம் போட்டு, அச்சாகி வருவதற்குள் இன்னும் நாலு வகுப்புப் பிள்ளைகள் வெளியே போய்விடுவார்கள். அதுவரை நம் கையில் அக மதிப்பீட்டின் 25 மதிப்பெண் இருக்கிறது. அதில் ஒரு ஒப்படைப்பு போதும். ஒரு குறுவைப் போகத்துக்கு, அல்லது அப்பாவின் கடைக்கு மூன்று மாதத்துக்கு, வீட்டில் உட்கார்ந்து குறிப்பேடு எழுதி வரட்டும். அம்மாவின் நடவையும் களையெடுப்பையும் ஊர்க் கூலிப்படி செலவில் எழுதட்டும், அவளைக் கூலி பாக்கிக்குக் கடனீந்தவளாகக் காட்டட்டும். நகை யாருடையது என்று கேட்டு எழுதட்டும். குழுக் கடனுக்குக் குறையும் இருப்பில் வட்டி போடட்டும். பிறகு லாப நட்டக் கணக்கைத் தயாரிக்கட்டும். பல வீடுகளில் லாபம் என்று இத்தனை நாள் சொல்லி வந்தது நட்டமாக மாறும். அப்பாவிடம் அதைக் காட்டலாமா என்று கேட்பார்கள். காட்டுவதும் காட்டாததும் அவரவர் பாடு. அம்மாவிடம் கட்டாயம் படித்துக் காட்டி, அவள் கையெழுத்தோ கைரேகையோ வாங்கி வர வேண்டும். அதற்கு ஐந்து மதிப்பெண்.