உப்புநீர்த் தொட்டியும் ஊர்க் கிணறும்

கடல்மீனைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆசை மானிப்பாயையும் எட்டியிருக்கிறது. நன்னீர்த் தொட்டி நமக்குப் புதிதன்று. நன்னீர் மீன் வளர்ப்பவனின் பல குற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும். பவளப்பாறையின் ஓரத்தில் பிறந்த மீனோ மாறாத உப்பும், மாறாத வெப்பமும், அழுக்கற்ற நீரும் கண்டு பழகியது. அதனைப் புதுத் தொட்டியில் விட்டு ஒரு வாரத்துள் இழந்தவர்கள், "மீனுக்கு நோய்" என்று சொல்லி ஆறுதல் அடைகிறார்கள். பெரும்பாலும் அது நோயன்று, நஞ்சு. அந்த நஞ்சும் வெளியிலிருந்து வந்ததன்று; மீனே ஈன்றது.

மீன் உண்ட புரதத்தின் கழிவு அமோனியாவாகச் செவுள்வழி வெளிப்படுகிறது. தின்னாது விட்ட இரை அழுகினாலும் அமோனியாவே பிறக்கிறது. பெருங்கடலில் அது கரைந்து ஒன்றுமில்லாமற் போகும். அறுபது லீற்றர் நீரில் எங்கே போகும்? சிறு தொட்டி எளிது என்று எண்ணித் தொடங்குவோர் பலர். உண்மை மறுதலையானது. நீர் குறையக் குறையப் பிழைக்கு இடமும் குறைகிறது.

இங்கேதான் வடிகட்டியின் தேவை எழுகிறது. அந்தச் சொல்லே நம்மை மயக்கிவிடுகிறது. வடிகட்டி என்றதும் துணியில் வடிப்பதை நினைக்கிறோம். பஞ்சில் தங்குவது கண்ணுக்குத் தெரியும் தூசு மட்டுமே. கரைந்த அமோனியாவைப் பஞ்சு தடுக்காது. அதைச் செய்வன மணலிலும் கல்லிலும் ஒட்டி வாழும் பற்றீரியாக்கள். 1877ஆம் ஆண்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் மணலும் சுண்ணமும் நிறைத்த நீண்ட குழாய் ஒன்றின் வழியே கழிவுநீரை மெல்லச் செலுத்தினர். முதல் இருபது நாள் வரை அமோனியா அமோனியாவாகவே வெளியேறியது. அதன் பின்னர் நைத்திரேற்றாக மாறி வந்தது. குழாயினுள் குளோரோபோம் ஆவியைப் புகுத்தினர், மாற்றம் நின்றது. உயிருள்ள பொருளன்றோ மயக்க மருந்துக்கு மயங்கும்! 1890இல் விநோகிராட்ஸ்கி அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டினார். ஒரு வகை அமோனியாவை நைத்திரைற்றாக்குகிறது; மற்றொரு வகை நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குகிறது.

அந்த இருபது நாளை நினைவில் வைத்தவன் தொட்டியில் மீனை அவசரப்பட்டு விடமாட்டான். உப்புநீரை நிரப்பி, கற்களை அடுக்கி, நீரோட்டத்தை இயக்கி, இறால் துண்டு ஒன்றை அழுகவிட்டுக் காத்திருத்தல் வேண்டும். அமோனியா ஏறி இறங்கும். பின் நைத்திரைற்று ஏறி இறங்கும். இரண்டும் அற்றுப்போக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். கல்லுக்காகப் பவளப்பாறையைப் பெயர்த்தல் இந்நாட்டில் குற்றம், அதற்குத் தேவையுமில்லை. நமது மண்ணுக்கடியில் இருப்பதெல்லாம் சுண்ணக்கல்தானே! கழுவிய வெறுங்கல்லிலும் பற்றீரியா குடியேறும். கொஞ்சம் நாட்செல்லும், அவ்வளவே. மீனில்லாத தொட்டியை ஆறு வாரம் பார்த்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் இத்தொழிலுக்கு வராதிருப்பது மீனுக்கு நல்லது.

பற்றீரியா அழுக்கை மாற்றுகிறது; அகற்றுவதில்லை. அழுகுமுன்னரே அதை வெளியேற்றும் கருவி ஒன்றுண்டு. அதன் தத்துவம் நமது அடுக்களையில் இருக்கிறது. பருப்பு அவியும்போது மேலே திரளும் நுரையை அம்மா அகப்பையால் வழித்தெறிவதில்லையா? வாடைக்காற்று வீசும் நாளில் கீரிமலைக் கரையில் ஒதுங்கும் பழுப்பு நுரையும் அதே இனம். புரத மூலக்கூறின் ஒரு பக்கம் நீரை விரும்பும். மற்றப் பக்கம் நீரை வெறுக்கும். ஆகவே நீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பை நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். நிமிர்ந்த குழாய் ஒன்றின் அடியிலிருந்து மிக நுண்ணிய குமிழிகளை ஏற்றி, மேலிருந்து தொட்டிநீரை அவற்றுக்கு எதிராக இறக்கினால், ஒவ்வொரு குமிழியும் தன் தோலில் சிறிது அழுக்கைச் சுமந்து மேலேறும். உச்சியில் நுரை திரண்டு கிண்ணத்தில் வழியும். தேயிலைச் சாயம் போன்ற, மூக்கைப் பொத்தவைக்கும் நீர் அக்கிண்ணத்தில் சேர்கிறது. நன்னீரில் இவ்வித்தை பலிக்காது. உப்பு குமிழிகளை ஒன்றோடொன்று கூடவிடாது சிறியனவாகவே வைத்திருக்கிறது. சிறு குமிழிகளுக்குத் தோற்பரப்பு அதிகம்.

இக்கருவிக்குத் தமிழில் என்ன பெயர்? கடைக்காரர் ஆங்கிலப் பெயரையே சொல்கிறார். சிலர் "புரத வடிகட்டி" என்கிறார்கள். இது எதையும் வடிகட்டுவதில்லை. ஆதலால் அப்பெயர் பிழை. நான் "நுரைவாரி" என்பேன். வாரி என்பதற்குக் கடல் என்ற பொருளும் உண்டாதலால் அது இங்கே இரட்டிப்பாகப் பொருந்துகிறது. மானிப்பாயில் வாழ்பவன் இத்தகைய முயற்சிக்கு நாணவேண்டியதில்லை. 1848இல் இவ்வூரில் வைத்தியப் பணி தொடங்கிய கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தவர். அவர் காலத்து முயற்சியால் 1875இல் வெளிவந்த இரசாயன நூலுக்குக் "கெமிஸ்தம்" என்றே பெயரிட்டார்கள். ஆக்கவேண்டியதை ஆக்கினர், கடன் வாங்கவேண்டியதைக் கூசாமல் வாங்கினர். அமோனியாவை நான் அமோனியா என்றே எழுதுவதும் அவர்கள் காட்டிய வழியில்தான்.

சிறு தொட்டிக்கு நுரைவாரி வேண்டா, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினாற் போதும் என்று சொல்வோர் உளர். குளிர்நாட்டில் அது சரி. இங்கே வெப்பம் ஏற ஏற நீரில் கரையும் ஒட்சிசன் குறைகிறது, அழுகலோ விரைகிறது. நுரைவாரி அழுக்கை எடுப்பதோடு காற்றையும் கலக்கிறது. அன்றியும் நமக்கு அண்மையிலுள்ள கடனீரேரி மாரியில் நீர்த்தும் கோடையில் உப்பேறியும் நிற்பது. நல்ல கடல்நீருக்கு வடகரைக்குத்தான் செல்லவேண்டும். ஆகவே நமக்கு அது ஆடம்பரமன்று என்பது என் துணிபு. மின்சாரம் நின்றால் ஓடக்கூடிய சிறு மின்கலக் காற்றுப்பம்பி ஒன்றும் அருகே இருக்கட்டும். ஒட்சிசனற்ற சில மணி நேரத்தில் ஆறு வார உழைப்பு அழிந்துபோம். 1990களில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட சமூகத்துக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்யும்போது உப்புநீர் ஊற்றலாகாது. போனது நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே நிற்கிறது. நன்னீரே ஊற்றவேண்டும். எந்த நன்னீர்? கிணற்று நீரை ஊற்றாதீர்கள், சேமித்த மழைநீரை ஊற்றுங்கள் என்றே நான் கேட்போருக்குச் சொல்வது. காரணம் நமது நீரின் கடினம் மட்டுமன்று. 1980கள் முதற்கொண்டு குடாநாட்டில் நடந்த ஆய்வுகள், பல கிணறுகளில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையாகிய லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்திருப்பதைக் காட்டியுள்ளன. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இட்ட உரமும், கிணற்றுக்கு அருகே வெட்டிய மலக்குழியும் சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே இறங்குகின்றன. மணலும் சுண்ணமும் நிறைத்த குழாயில் பாரிசில் கண்டது எதுவோ அதுவே நம் காலடியிலும் நடக்கிறது. வற்றாத ஆறில்லாத இக்குடாநாட்டுக்குப் பெரும்பாலும் மழை ஊறிய நிலநீரே கதி. அதில் கலந்த நைத்திரேற்று கைக்குழந்தையின் குருதியில் ஒட்சிசன் செல்வதைத் தடுத்து உடலை நீலம் பாரிக்கச் செய்யவல்லது. தொட்டியில் நைத்திரேற்று மிகுந்தால் வாளியால் நீரை மாற்றிவிடலாம். நிலத்தடியில் மாற்றுவதற்கு வேறு நீர் இல்லை. நுரைவாரியும் உதவாது, நைத்திரேற்றாக மாறிவிட்டதை நுரை சுமக்காது.

ஆசிரியர்களுக்கு இதனால் ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். நமது பள்ளி விஞ்ஞானகூடங்களில் நைதரசன் வட்டம் சுவரில் தொங்கும் படமாக இருக்கிறது. அம்புக்குறிகளை மாணவர் மனனஞ் செய்கிறார்கள், எழுதுகிறார்கள், மறக்கிறார்கள். நூறு லீற்றர்த் தொட்டி ஒன்று, கொஞ்சம் சுண்ணக்கல், குழாயில் செய்த நுரைவாரி, சோதனைத் துளிமருந்து, இவ்வளவு போதும். மீன் பிறகு வரட்டும், வராமலும் இருக்கட்டும். ஆறாவது வாரம் ஒரு சோதனைக் குழாயில் தொட்டிநீரும் மற்றொன்றில் பள்ளிக் கிணற்று நீரும் எடுத்து, இரண்டிலும் நைத்திரேற்றுத் துளிகளை விட்டு, எது அதிகம் சிவக்கிறது என்று மாணவர்களே பார்க்கட்டும்.